செட்டை விரிந்தால் பறப்பு வந்துவிடுமா?

(தைப்பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதைச் சங்கத்தாரின் வேண்டுகோளுக்கு இணங்கப் புத்தாண்டு மலருக்காக எழுதித் தருகிறேன். பேசியது பேசியபடியே இருக்கட்டும் என்று பெரும்பாலும் கை வைக்கவில்லை.)

தலைவர் அவர்களே, சங்கத்துச் சகோதர சகோதரிகளே, அம்மாமாரே, ஐயாமாரே, பின் வரிசையில் இருந்து எப்போது வடை வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் மேடையில் ஆரும் பூச்சியைப் பற்றிப் பேசுவார்களா என்று நீங்கள் யோசிக்கலாம். செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "புலம்பெயர் வாழ்வில் முதியோர்". அந்தத் தலைப்பில் நான் ஏற்கெனவே மூன்று தரம் பேசிவிட்டேன். முதியோருக்கே அலுத்துப்போய் இருக்கும். ஊரில் விலங்கியல் படிப்பித்தவன் என்ற உரிமையில், "வண்ணாத்திப்பூச்சியைப் பற்றிப் பேசட்டோ?" என்று கேட்டேன். "பேசுங்கோ மாஸ்ரர், ஆனால் இருபது நிமிசம்தான். பொங்கல் ஆறிப்போடும்" என்றார். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போன புரட்டாதியில் என்னுடைய பேத்தி ஒரு புழு வளர்த்தாள். அவளுக்கு எட்டு வயது. வீட்டுப் பின்வளவு வேலியோரம் தானாக முளைத்த மில்க்வீட் செடியில் ஒரே ஒரு புழு இருந்தது. கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு. அதை இலையோடு கொண்டுவந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டி, நான் இருக்கிற பேஸ்மென்ற்றில் வைத்தாள். இரண்டு கிழமை தின்றது. பிறகு தலைகீழாகத் தொங்கி, பச்சை நிறத்தில் பொன்பொட்டு வைத்த ஒரு கூடாகிவிட்டது. நகைக்கடைக்காரர் செய்த தோட்டுத் தொங்கல் மாதிரி இருக்கும். இன்னும் ஒரு கிழமைக்கு மேல் போனது. ஒரு சனிக்கிழமை காலமை என்னைத் தட்டி எழுப்புகிறாள். "அம்மப்பா, வெளியில வந்திட்டுது. ஆனால் பறக்கேல்லை. செட்டை உடைஞ்சு போச்சு. ரத்தமும் வருது."

போய்ப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை. கூட்டைவிட்டு வந்த வண்ணாத்திப்பூச்சியின் செட்டை நனைந்த கடதாசி மாதிரி சுருண்டு, அரைவாசி அளவுகூட இல்லாமல் இருக்கும். வயிறு மட்டும் ஊதியிருக்கும். அந்த வயிற்றிலே உள்ள திரவத்தைச் செட்டை நரம்புகளுக்குள்ளே பம் பண்ணி, கொஞ்ச நேரத்தில் செட்டையை விரித்துவிடும். அவள் இரத்தம் என்று நினைத்த சிவப்புத் துளிகள், கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. தேன் குடிக்கிற குழல்கூட அப்போது இரண்டு பாதியாகத்தான் இருக்கும். பூச்சி இரண்டையும் சேர்த்துச் சேர்த்து உரசி, சிப் இழுக்கிற மாதிரி ஒன்றாக்கிக்கொள்ளும். இந்த நேரத்தில் அது தொங்கியபடி இருக்கவேண்டும். கீழே விழுந்தால் செட்டை கோணலாகக் காய்ந்து, பிறகு ஆயுளுக்கும் பறக்காது. செட்டை இறுகுவதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் வேணும். அதற்குப் பிறகும் உடம்பு சூடாக இருக்கவேணும். ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் மொனார்க்குக்குப் பறக்க முடியாது. குளிர்ந்த காலமைகளில் அது செட்டையைப் படபடவென்று நடுக்கி, தசையைச் சூடாக்கிக்கொண்டுதான் எழும்பும். நாங்கள் மாசி மாதத்தில் காரை ஸ்ராட் பண்ணிவிட்டு உள்ளே இருக்கிற மாதிரி.

இதெல்லாம் பேத்திக்குச் சொன்னேன். அவள் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. "செட்டை காய்ஞ்ச உடனே அதுக்குப் பறக்கத் தெரியுமோ?"

முப்பது வருசம் பாடம் படிப்பித்தவன் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது பாதிதான் சரி.

எங்களுக்குத் தெரிந்த பூச்சிகளை எடுத்துப் பாருங்கோ. ஈசல். முதல் மழை விழுந்த அன்று மாலை புற்றுக்குள் இருந்து கிளம்பி, விளக்கைச் சுற்றி விழும். அதற்குச் செட்டை இருப்பது ஒரேயொரு பறப்புக்காக. இறங்கியதும் செட்டையைத் தானே கழற்றி எறிந்துவிட்டு, சோடி சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும். எறும்பு இராணி இன்னும் ஒரு படி மேலே போகிறது. செட்டையை உதறிய பிறகு, பறப்புக்கு இருந்த தசையையே கரைத்து, முட்டைக்கும் முதல் குஞ்சுகளுக்கும் உணவாக்குகிறது.

தேனீ வேறு மாதிரி. வேலைக்காரத் தேனீ பிறந்ததும் பூவைத் தேடி ஓடாது. முதல் மூன்று கிழமை அளவுக்கு வீட்டு வேலைதான்: அறை துப்புரவாக்குவது, குஞ்சுக்குத் தீத்துவது, மெழுகு வேலை. இடையிலே வாசலுக்கு வந்து, கூட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அங்கும் இங்கும் ஆடிப் பறந்து பார்க்கும். வீடு எது, பக்கத்தில் நிற்கிற மரம் எது என்று மனப்பாடம் பண்ணுகிற பறப்பு அது. அதற்குப் பிறகுதான் தேன் எடுக்கப் போகும். கூட்டிலே வயது போன தேனீக்கள் ஒரேயடியாகக் குறைந்துவிட்டால், சின்னன்கள் தங்கள் வயதுக்கு முன்னமே வெளிவேலைக்குப் போகும். இதைப் படிப்பிக்கும்போது வகுப்பிலே சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். 1990க்குப் பிறகு படிப்பித்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

வெட்டுக்கிளிக்குக் கடைசித் தோல் கழன்றதும் முழுச் செட்டை வந்துவிடும். ஆனாலும் தோல் இறுகி, தசை வளர்ந்து, செட்டை அடிக்கிற வேகம் கூடி, தொலைவுக்குப் பறக்கப் பல நாள் எடுக்கும். ஆகச் செட்டை ஒரு விசயம், பறப்பு இன்னொரு விசயம். எந்த வயதில் பறப்பது, எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் பூச்சியின் உடம்புக்குள்ளே பிந்தி முதிர்கின்றன. இந்த 'எந்தப் பக்கம்' என்ற கேள்வியில்தான் மொனார்க் உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழுக்கும் இந்தப் பிக்கரிங்குக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது.

மொனார்க் எங்களுக்குப் புது ஆள் இல்லை. ஊரில் எருக்கலையில் வந்து குந்துகிற, செம்மஞ்சள் நிறத்தில் கறுப்புக் கரை போட்ட வண்ணாத்திப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? அது மொனார்க்கின் சொந்தக்காரன், ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். அதன் புழு எருக்கலை இலையைத் தின்னும். மொனார்க்கின் புழு மில்க்வீட் இலையைத் தின்னும். இரண்டு செடியும் ஒரே குடும்பம். இரண்டிலும் முறித்தால் பால் வரும். அந்தப் பாலிலே உள்ள நஞ்சை இரண்டு புழுவும் உடம்பிலே சேர்த்துவைத்து, தங்களைத் தின்ன வருகிற குருவிக்குக் காறாப்பு காட்டும். இரத சப்தமிக்கு எருக்கிலையைத் தலையில் வைத்து முழுகிய தலைமுறை நாங்கள். இங்கே வந்து மில்க்வீட்டைப் 'பத்தை' என்று பிடுங்கி எறிந்தோம். எங்களில் மட்டும் பிழை இல்லை. ஒன்ராறியோ அரசாங்கமே அதைத் தீங்கான களை என்று சட்டத்தில் போட்டு வைத்திருந்தது. 2014இல்தான் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள்.

இனி அந்தத் தொடுப்பு. பிரெட் ஏர்க்காட் என்று ஒருவர். 1911இல் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவருக்கு ஒரு கேள்வி: கோடையில் இவ்வளவு வண்ணாத்திப்பூச்சி பறக்கிறதே, பனிக்காலத்தில் இதெல்லாம் எங்கே போகிறது? எல்லாப் பிள்ளைகளும் இப்படிக் கேட்கும், பெரியவர்கள் "பேசாமல் சாப்பிடு" என்பார்கள், விசயம் முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை. பூச்சியியல் படித்து, ரோயல் ஒன்ராறியோ மியூசியத்தில் வேலை பார்த்து, பிறகு ஸ்காபரோவில் ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருடைய மனைவி நோராவும் அதே வேலையில் சரிபாதி. பிக்கரிங்கின் மேற்குப் பக்கம் ஹைபுஷ் பகுதியில் அவர்களுடைய வீடு. உங்களில் சிலர் அந்தத் தெருக்களால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருகிறீர்கள்.

1937இல் இருந்து அவர் வண்ணாத்திப்பூச்சிக்கு அடையாளம் போடத் தொடங்கினார். யோசித்துப் பாருங்கோ, அரைக் கிராம் நிறையுள்ள ஒரு பூச்சிக்கு அடையாள அட்டை! முதலில் தபால் முத்திரை மாதிரி, பசை தடவிய கடதாசித் துண்டு. மழை பட்டால் கழன்று விழுந்தது. பிறகு கடைச் சாமான்களில் விலை ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒட்டு. முன்செட்டையின் முன் ஓரத்தில் சிறு இடத்துச் செதிலை மெல்ல உரசி எடுத்துவிட்டு, ஒட்டை மடித்து ஒட்டவேண்டும். அதிலே ஓர் இலக்கமும், ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் பகுதிக்கு அனுப்பவும் என்ற வேண்டுகோளும். 1952இல் நோரா ஒரு சஞ்சிகையில் எழுதி, உதவிக்கு ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். முதலில் வந்தது பன்னிரண்டு பேர். பிறகு ஆசிரியர்கள், விவசாயிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வூதியக்காரர் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். செத்துப்போன பூச்சிகள் கடிதத்தில் வர வர, வந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். கோடுகள் தென்மேற்கே போய், ரெக்சாசைத் தாண்டி, மெக்சிக்கோவுக்குள்ளே காணாமல் போயின.

1972இல் நோரா மெக்சிக்கோப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த கென் பிரகர் என்ற அமெரிக்கர், தான் தேடித் தருகிறேன் என்று பதில் போட்டார். அவருக்கு நிறக்குருடு என்று சொல்கிறார்கள். செம்மஞ்சள் பூச்சியைத் தேடப் போனவர்! அவரோடு சேர்ந்து தேடியவர் கத்தலினா அகுவாடோ, மிச்சுவாக்கான் மாநிலத்துப் பெண். 1975 தை 2ஆம் திகதி, செர்ரோ பெலோன் என்ற மலையில், கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 3,000 மீற்றர் உயரத்தில் அவர்கள் கண்டது இதுதான்: ஊசியிலை மரங்களில் இலை தெரியவில்லை, பட்டை தெரியவில்லை, எல்லாம் பூச்சி. கொப்புகள் பாரத்தில் வளைந்து நிற்கின்றன. 1976 தையில், அறுபத்துநான்கு வயதில், ஏர்க்காட்டும் மனைவியும் அந்தப் பகுதி மலையில் மூச்சு வாங்க வாங்க ஏறினார்கள். அவர் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு கொப்பு பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. விழுந்த குவியலில் வெள்ளை ஒட்டோடு ஒரு பூச்சி. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம், சாஸ்கா என்ற ஊரில், 1975 ஆவணியில் ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்களும் ஒட்டியது.

1976 ஓகஸ்ட் நஷனல் ஜியோகிராபிக் அட்டையில் கத்தலினாவின் படம் வந்தது. படம் வந்ததே தவிர, கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைக்க மிச்சம் நாள் சென்றது. 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்லும் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அந்த மலையடிவாரக் கிராமத்துச் சனங்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விசயம். கார்த்திகை தொடக்கத்தில், அவர்கள் செத்தவர்களை நினைத்துப் படைக்கிற நாட்களை ஒட்டித்தான் பூச்சிகள் வந்து இறங்கும். இறந்துபோன உறவுகளின் ஆவி திரும்பி வருகிறது என்பார்கள். அந்தச் சனங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: இது எங்கே இருந்து வருகிறது என்பது. அதற்கு விடை பிக்கரிங்கில் இருந்தது. ஏர்க்காட் 2002இலும் நோரா 2009இலும் காலமானார்கள். நான் பக்கத்தில் இருந்தும் ஒரு நாளும் அவர்களைப் பார்க்கவில்லை. அந்த வருசங்களில் நான் இரண்டு வேலை செய்துகொண்டு இருந்தேன்.

சரி, பறப்புக்கு வருவோம். வைகாசிக் கடைசியில், ஆனியில் இங்கே வருகிற மொனார்க் இரண்டு கிழமை முதல் ஐந்து கிழமை வரைதான் உயிர் வாழும். சோடி சேரும், முட்டை இடும், செத்துவிடும். அதன் பிள்ளையும் அப்படியே. ஆனால் ஆவணிக் கடைசியிலும் புரட்டாதியிலும் கூட்டைவிட்டு வருகிற பூச்சி பார்வைக்கு அதே பூச்சி, உள்ளே வேறு ஆள். பகல் குறுகுவதும், இரவு குளிர்வதும், மில்க்வீட் இலை பழுப்பதும் புழுவாகவும் கூடாகவும் இருக்கும்போதே அதன் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. இளமை ஓமோன் என்று ஒன்று இருக்கிறது. அது குறைவாகச் சுரக்க, இனப்பெருக்க உறுப்புகள் முதிராமல் நிற்கும். சோடி தேடாது. தேனைக் குடித்துக் குடித்துக் கொழுப்பைச் சேர்க்கும். எட்டு, ஒன்பது மாதம்கூட உயிரோடு இருக்கும். கோடைப் பூச்சிகளில் அந்த ஓமோன் சுரக்கிற சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் ஆயுளும் இரட்டித்தது. ஒரு முதிர்ச்சி தள்ளிப்போகிறது, இன்னொரு முதிர்ச்சி வருகிறது.

இந்தப் பூச்சி இங்கே இருந்து 3,000 கிலோமீற்றருக்கு மேலே, தான் ஒரு நாளும் போகாத மலைக்குப் போகிறது. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. போய் வந்த பூச்சி ஒன்றுகூட உயிரோடு இல்லை. இங்கே புரட்டாதியில் புறப்படுவது, போன பனிக்காலம் அந்த மலையில் தொங்கியவர்களுடைய பேரப்பிள்ளை அல்லது பூட்டப்பிள்ளை.

இதைச் சொன்னதும் முன்வரிசையில் ஓர் ஐயா தலையை ஆட்டுகிறார். என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது: "எங்கட கதைதான்." ஐயா, மன்னிக்கவேணும், நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். மொனார்க்கை ஒருத்தரும் துரத்தவில்லை. அதற்குப் பின்னால் செல் விழவில்லை. அது நேரம் வந்ததால் போகிறது, திரும்பி வருகிற பாதையோடு போகிறது. நாங்கள் வந்தது வேறு விதம். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, மூன்று நாட்டு விமான நிலையத்தில் படுத்து வந்தவனை வண்ணாத்திப்பூச்சி என்று கவிதை எழுதுகிற ஆட்கள் எழுதட்டும். எனக்குப் பூச்சியைப் பூச்சியாகப் பார்க்கத்தான் விருப்பம்.

வழி எப்படித் தெரிகிறது? சூரியனைப் பார்த்து. ஆனால் சூரியன் காலமை ஒரு பக்கம், பின்னேரம் மற்றப் பக்கம். அதனால் பூச்சிக்குள் ஒரு மணிக்கூடும் வேணும். இதைப் பரிசோதிக்க, எங்கள் ஒன்ராறியோவிலேயே, கிங்ஸ்ரன் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரி புரொஸ்ற் என்பவரும் ஹென்றிக் மவுரிற்சன் என்பவரும் ஒரு கருவி செய்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாய் திறந்த ஒரு பீப்பா. பூச்சியின் முதுகில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி அதற்குள்ளே தொங்கவிடுவார்கள். அதற்கு வானம் மட்டும் தெரியும். செட்டை அடித்துக்கொண்டு விரும்பிய பக்கம் திரும்பலாம், ஆனால் இடம்விட்டுப் போகாது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கருவி பதியும். இப்படி ஒரு கருவியில், 2009இல் அமெரிக்காவில், மாசசூசெற்ஸ் மாநிலத்தில் சில பூச்சிகளின் உணர்கொம்புக்குக் கறுப்பு வர்ணமும் வேறு சிலவற்றுக்கு ஒளி ஊடுருவுகிற வர்ணமும் பூசி விட்டார்கள். ஒளி ஊடுருவியவை சரியான பக்கம் போயின. கறுப்புப் பூசியவை பிழையான பக்கம் பிடித்தன. சூரியனைப் பார்ப்பது கண், மணிக்கூடு இருப்பது கொம்பில்.

இப்போது என்னுடைய பிழையைச் சொல்கிறேன். சனிக்கிழமை வெளியில் வந்த பூச்சியை உடனே விடமுடியவில்லை. இரண்டு நாள் மழையும் குளிரும். பேத்தி வத்தகைப்பழத் துண்டு வைத்துக் காத்திருந்தாள். அந்த ஞாயிறு இரவு நான் கொஞ்சம் வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. 2019இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்று. வியாபாரத்துக்கு வளர்த்த மொனார்க்குகளைப் பீப்பாவில் வைத்துப் பார்த்தார்கள்; தெற்குப் பக்கம் திரும்பவில்லை. காட்டில் பிடித்த பூச்சிகளின் சந்ததியைக்கூட வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் அவற்றுக்கும் தெற்குத் தெரியவில்லை. நான் படிப்பித்த ஆள் அல்லவா, மனதில் வைத்திருக்க முடியவில்லை. திங்கள் பின்னேரம் வெயில் எறித்தது. பின்வளவில் பேத்தி கையில் பூச்சியை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்கிறேன்: "இது பேஸ்மென்ற்றில வளர்ந்தது பிள்ளை. இதுக்கு வழி தெரியாது. போய்ச் சேராது."

பூச்சி எழும்பி, பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் போய்க் குந்தியது. பேத்தி அழுதாள். அழுதது பெரிதில்லை. "அப்ப ஏன் என்னை வளர்க்க விட்டனீங்கள்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு மகளும் என்னோடு கதைக்கவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதல் ஆறு வருசம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தவர்கள். மகள் வளர்ந்தது அங்கேதான். நான் பூச்சியைப் பற்றித்தான் சொன்னேன், ஆனால் அவள் காதில் வேறு என்னவோ விழுந்திருக்கிறது.

அடுத்த கிழமை நூலகத்துக்குப் போய், அந்த ஆய்வுக்குப் பிறகு என்ன வந்திருக்கிறது என்று தேடினேன். 2021இல் எங்கள் ஒன்ராறியோவில், குவெல்ப் பல்கலைக்கழகத்தார் இதே கேள்வியை எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வளர்த்த மொனார்க்குகளைப் பீப்பாவுக்குள் விட்டால் சிக்காகோக்காரர் சொன்ன மாதிரித்தான்: 39 பூச்சியில் 10 மட்டுமே தெற்குப் பக்கம் திரும்பின. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே மாதிரி வளர்த்த பூச்சிகளின் உடம்பில் மிகச் சிறிய வானொலிக் கருவியை ஒட்டி, வெளியிலே, வெயிலிலே விட்டுவிட்டு, கோபுரங்களில் வைத்த அலைவாங்கிகளால் பின்தொடர்ந்தார்கள். பதிவான 29 பூச்சியில் 28, தெற்கிலிருந்து தென்கிழக்குவரையான பக்கமாகவே போயிருந்தன. சில 200 கிலோமீற்றருக்கு அப்பாலும் பிடிபட்டன. மணிக்கூட்டையும் சூரியனையும் பொருத்துவதற்கு அவற்றுக்குக் கொஞ்ச நேரம் உண்மையான வெயில் வேண்டியிருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். கூண்டிலே வைத்துச் சோதித்தவன் கண்டதும் உண்மை. வெளியிலே விட்டவன் கண்டதும் உண்மை.

பேத்தியிடம் போய், "நான் சொன்னது பிழை" என்றேன். அவள் ஆய்வுத்தாளை வாங்கி, விளங்காவிட்டாலும், அந்த 28 என்ற இலக்கத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். "மற்ற ஒன்று?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று எனக்குப் பிட்டோடு மீன்குழம்பு கிடைத்தது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தெற்கே போன பூச்சிக்குத் திரும்பி வடக்கே வரவேண்டும் என்று எப்படித் தெரிகிறது? 2013இல் வெளிவந்த ஒரு பரிசோதனை. புரட்டாதி காலத்தில் பிடித்த பூச்சிகளை 24 நாள் மெக்சிக்கோ மலைக்குளிர் மாதிரியான குளிரில் வைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். அவை வடக்கே திரும்பின. குளிர் காட்டாமல் வைத்திருந்தவை பங்குனி வந்த பிறகும் தெற்கேயே பறந்தன. அந்தக் குளிர் படாவிட்டால் திரும்புகிற பக்கம் முதிர்வதில்லை. இன்றைக்கு, நாங்கள் இந்த மண்டபத்தில் பொங்கிக்கொண்டு இருக்கும்போது, அவை அந்த மலையில் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு குளிரில் தொங்குகின்றன. காடு வெட்டுப்பட்டாலும், குளிர் குறைந்தாலும் கெட்டுப்போகிற கணக்கு இது. 1996-97 பனிக்காலத்தில் அவை தொங்கிய காட்டின் பரப்பு ஏறக்குறைய 18 ஹெக்ரேயர். 2013-14இல் அது 0.67 ஹெக்ரேயர். 2023 மார்கழியில் கனடிய அரசு மொனார்க்கை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தது. ஆகவே பிள்ளைகளே, புழு பிடிக்கிறோம் என்று போத்தல் போத்தலாகப் பிடித்து அடைக்கவேண்டாம். சட்டத்துக்கும் ஆகாது, பூச்சிக்கும் ஆகாது. புழுவைச் செடியிலேயே விட்டுப் பாருங்கோ. செடியை வையுங்கோ.

அதற்காக வாசலில் மில்க்வீட் விதைப் பைக்கற்றுகள் வைத்திருக்கிறேன். இந்த விதைக்கும் குளிர் படவேணும், இல்லாவிட்டால் முளைக்காது. வீட்டுக்குப் போய்ப் பால் கான் ஒன்றைக் குறுக்கே வெட்டி, மண் போட்டு, விதையைத் தூவி, பின்வளவில் பனிக்குள்ளேயே வைத்துவிடுங்கோ. பிறகு முளைத்து வளர்ந்தால், கிள்ளும்போது கவனம். பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான், எருக்கலை மாதிரியே.

வணக்கம். வடை வந்துவிட்டது.

(எழுதும்போது சேர்த்தது: பங்குனிக் கடைசியில் இதை எழுதி முடிக்கிறேன். பூச்சிகள் மலையை விட்டு இறங்கி, ரெக்சாஸ் பக்கம் முட்டை இட்டுக்கொண்டிருக்கும் காலம். பின்வளவில் பனி கரைந்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்ததும் பால் கானை எட்டிப் பார்க்கிறாள். இன்னும் ஒன்றும் இல்லை. மில்க்வீட் பிந்தித்தான் முளைக்கும், மண் சூடாகவேணும், மே மாதம் வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன். அன்று கொண்டுபோன பைக்கற்றில் பதினொன்று மிச்சம். தேவையானவர்கள் சங்கத்தில் கேட்டு வாங்கலாம். இப்போது வாங்குகிறவர்கள் ஈரக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் வைத்துவிட்டு விதைக்கவும். பெட்டியில் என்ன பை என்று வீட்டில் சொல்லிவையுங்கோ. எங்கள் வீட்டில் ஒன்றைப் பெருஞ்சீரகம் என்று கறிக்கு எடுத்துவிட்டார்கள்.)